கீழ் இரண்டு தட்டுகள்

"பல் வைத்தியத்துக்கும் கேக் செய்முறைக்கும் என்னங்க சம்பந்தம்?"

நூலகர் அம்மா புத்தகத்தை மேசைமேல் 'டொப்'பென்று வைத்தார். எதிரே நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து முயல் வளர்ப்பு போய் வரிச் சட்டத்துல உட்கார்ந்திருந்தது. மூணு வாரமா இதே கூத்து!"

"ஸாரி மேடம். சரி பண்ணிடறேன்."

பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதியவன். இனித் திரையைப் பார்க்கவே முடியாது என்று வேலையை விட்டான். ரொட்டி சுடலாமா, நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கலாமா, மரவேலை கற்றுக்கொள்ளலாமா என்று அலைந்து பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்தான். வாசகர்கள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்களை எண் பார்த்து அலமாரியில் வைக்கும் வேலை.

"ஒரு மாசம் பார்ப்போம். இங்கே வர்றவங்களே கொஞ்சம் பேர். உங்களுக்குக் கொடுக்க வேலை இருக்குமான்னே தெரியல" என்று நூலகர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மாதம் முடிய இன்னும் மூன்றே நாள். இந்த லட்சணத்தில் எங்கே வைத்துக்கொள்வது? அனுப்பவும் மனசு வரவில்லை. வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தவன், இப்போதெல்லாம் புத்தகம் அடுக்கும்போது வாய்க்குள் பாடுகிறான்.

பதினொரு மணிக்கு அவன் டீ குடிக்கக் கிளம்பினான். நூலகர் எழுந்து ஒரு சுற்று வந்தார்.

சில வாரங்களாகத் தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர், புகைப்படக்கலையை உருவி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பூகோளத்துக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"ஐயா! என்ன பண்றீங்க?"

பெரியவர் முகம் வெளிறிப்போனது.

"இங்க புத்தகம் அடுக்கறானே, அவன் என் பையன்மா. இந்த வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சவன் நான்தான். ஆனா முதல் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப சிரிச்சான்மா. அவன் சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. 'வேலை கம்மிதான்பா, அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க'ன்னான். அதான், கொஞ்சம் கலைச்சுவிட்டா வேலை இருக்குமேன்னு..."

அந்தக் கலைப்பால்தான் மகன் தினமும் திட்டு வாங்குகிறான் என்பது நூலகருக்கு நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. என்னைத் தப்பா நினைப்பான்."

"நீங்க போங்க ஐயா. நான் பார்த்துக்கறேன்."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்தவனை உட்கார வைத்தார்.

"முதல்ல என்னை மன்னிச்சுடுங்க. இனிமே உங்களுக்கு இங்க வேலை நிரந்தரம். புத்தகத்தைக் கலைக்கறது யாருன்னு பார்த்துட்டேன். அது வந்து, உங்க..."

"அப்பா" என்றான் அவன்.

"தெரியுமா!"

"கலைய ஆரம்பிச்ச மூணாவது நாளே தெரியும் மேடம். கீழ் ரெண்டு தட்டுல மட்டும் ஒரு புத்தகம்கூட இடம் மாறல. அப்பாவுக்கு மூட்டு வலி, குனிய முடியாது. அப்புறம் ஒரு நாள் ஜன்னல் வழியா கண்ணாலயே பார்த்தேன். தப்பு எங்கேருந்து வருதுன்னு தேடறதுதானே என் பழைய வேலை?"

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டுத் திட்டு வாங்கினீங்க? வேலையே போயிருக்குமே!"

அவன் பூகோளத்துக்குள் இருந்த புகைப்படக்கலையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து ரூமை விட்டே வெளிய வராத மனுஷன் மேடம். இப்பதான் தினமும் ஷேவ் பண்ணிக்கிட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு, அவசரமா கிளம்பறாரு. எனக்கு வேலை நிரந்தரம்ங்கறதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."