தொப்பிக்குள் எழுதிய பிரசங்கம்

"மறுபடியும் நீதானா? போன தடவை எங்க பிரசங்கத்தை நீ கன்னாபின்னான்னு அச்சடிச்சு வித்த லட்சணம் மறந்துபோச்சா?"

சைலஸ் கிராப்பர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியையும் எடுக்கவில்லை. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் ஜெபத்துக்கு மட்டும்தான் தொப்பியைக் கழற்றுவார்கள். அரசருக்கே கழற்றாதவர்கள், ஜோனாஸ் டிப்லேடிக்கா கழற்றப் போகிறார்கள்?

லண்டன் குவேக்கர்களில் யார் எதை எழுதினாலும் சைலஸின் குழு பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அச்சேறும். பதினோரு வருஷத்தில் அவர் பேனா நாலு வரியாவது அடிக்காமல் ஒரு பக்கமும் வெளியே போனதில்லை. ஜோனாஸோ குவேக்கரே இல்லை. அவர்கள் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, தொப்பிக்குள் காகிதத்தை ஒளித்துவைத்துப் பிரசங்கத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்து, புத்தகக் கடைகளுக்கு விற்கிற ஆசாமி.

"இந்தத் தடவை விக்கறதுக்கு இல்லைங்க ஐயா. அனுமதி கேட்டு வந்திருக்கேன்."

"ஐயா எல்லாம் வேண்டாம், சைலஸ்னே கூப்பிடு. நீ அனுமதி கேக்கறியா? தபித்தா, வெளியில மழை கொட்டப் போகுது பாரு!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தபித்தா ராக் சிரித்தார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர். யார்க்‌ஷயரிலிருந்து வந்து ஒரு மாதமாகிறது.

"இந்த அம்மா பேசினதுதாங்க. போன மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை..."

"முதல் நாள்னு சொல்லு. எங்ககிட்ட ஞாயிறு, திங்கள் எல்லாம் கிடையாது. அன்னைக்கு நான் கால் வீங்கிப் படுத்திருந்தேன். சரி, படி."

ஜோனாஸ் காகிதத்தைப் பிரித்தார். மெதுவாகப் படித்தார்.

"கதவைச் சாத்தியவனே, தாழ்ப்பாள் உன் பக்கம் இருக்கிறது. வெளியே நிற்பவளால் அதைத் திறக்க முடியாது. கோபம் என்று நீ சொல்லிக்கொள்வது கோபம் அல்ல, பயம். அவள் உன்னை வெறுத்துப் போகவில்லை. உன் வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடிப் போனாள். எழுந்திரு. கை நடுங்கினாலும் பரவாயில்லை, திற."

சைலஸ் மையில் தோய்த்த பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். மை சொட்டி மேஜையில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அடிக்கறதுக்கு ஒரு எழுத்துகூட இல்லையே," என்றார் கடைசியில். "விக்கறதுக்கு இல்லைன்னா, உனக்கு எதுக்கு இது?"

"என் பொண்ணு கெசியாவுக்கு. உங்க சபையில சேர்ந்துட்டான்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். இப்ப பிலடெல்பியாவில இருக்கா. நான் கடிதம் போட்டா பிரிக்காமலே திருப்பி அனுப்பறா. உங்க குழு ஒப்புக்கிட்டு அச்சடிச்சதுன்னா கண்டிப்பாப் படிப்பா. வியாழக்கிழமை கப்பல் கிளம்புது." ஜோனாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஊரார் பேசறதை எழுதியே பிழைச்சவன் நான். சொந்தமா ரெண்டு வரி எழுத வரலைங்க."

தபித்தா எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஜோனாஸ், நான் பேசினதை நீ பார்த்தியா?"

"எங்கே பார்க்கறது? தலையைத் தூக்கினா மாட்டிக்குவேனே. பொம்பளைக் குரல் கேட்டுது. உள்ள வரும்போது முன் பெஞ்சில உங்களைப் பார்த்தேன். வேற யாரா இருக்க முடியும்?"

"கடைசி வரைக்கும் இருந்தியா?"

"பெரியவங்க ரெண்டு பேர் கைகுலுக்கிக் கூட்டத்தை முடிச்ச அப்புறம்தான் எழுந்தேன்."

சைலஸ் மறுபடியும் மையைத் தொட்டார். "தபித்தா, உன் பேரைப் போட்டுடறேன்."

"போடாதே."

"உன் அடக்கத்துக்கு ஒரு அளவே இல்லையா? பேர் இல்லாததைக் குழு எப்படி ஒப்புக்கும்?"

"அம்மா, பேர் இல்லைன்னா எம் பொண்ணு இதையும் என் வேலைன்னு தூக்கிப் போட்டுடுவா!" ஜோனாஸ் கைகூப்பாத குறைதான். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தபித்தா அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"குவேக்கர் பொய் சொல்லமாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமில்லையா?"

"ஊருக்கே தெரியும்."

"அப்ப நம்பு. கடவுள் ஏவினாத்தான் நாங்க எழுந்து பேசுவோம். அன்னைக்கு ரெண்டு மணி நேரம் எல்லாரும் மௌனமா உட்கார்ந்திருந்தோம். ஆரம்பத்துலேருந்து கைகுலுக்கற வரைக்கும், அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் வாயே திறக்கலை."

ஜோனாஸ் கையிலிருந்த காகிதத்தை யாருடையதோ போலப் பார்த்தார். அரசருக்கும் கழற்றாத தொப்பியைச் சைலஸ் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி அடியில் எழுதினார்: 'குழு ஒப்புக்கொண்டது. எழுதியவர், கெசியாவின் அப்பா.'