வளைவில் ஒரு புதுப் பலகை

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பள்ளிக்குக் காரில் போகும்போது, சாலைப் பலகைகளை மகள் அபிராமிக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

“முக்கோணத்துக்குள்ள ரெண்டு பிள்ளைங்க?”

“பள்ளிக்கூடம். மெதுவா போகணும்.”

“சிவப்பு வட்டத்துல நாப்பது?”

“நாப்பதுக்கு மேல போகக்கூடாது.”

பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கருங்கற்கள்.

“அந்தக் கல்லு என்ன சொல்லுதுப்பா?”

“நெல்லு காயுது, ஒதுங்கிப் போங்கன்னு.”

அடுத்த வளைவில் புதுப் பலகை நின்றது. ‘விபத்துப் பகுதி.’

“இது அம்மா செத்ததுக்கப்புறம் வச்சதுதானேப்பா?”

“ஆமா.”

“அன்னைக்கு இங்க நெல்லே இல்லையே. அம்மா ஸ்கூட்டர் மோதுன கல்லு மட்டும் ஏன் கெடந்துச்சு?”

“நெல்லை அள்ளினவங்க எடுக்க மறந்துட்டாங்க.”

“யாருப்பா அது?”

கியரை மாற்றினேன். அன்று மழைக்குப் பயந்து நான் அவசரமாக அள்ளிவந்த நெல்லில் ஒரு மணிகூட நனையவில்லை.