மூட்டையோடு நின்றவர்

ஈரோடு மேசை விளையாட்டு மாநாட்டின் இறுதி ஆட்டம் அது. பலகையில் காயை நகர்த்தினால், எங்கோ ஒரு குடோனில் ஓர் ஆள் மூட்டையோடு நகர்வார். ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். மேகலாவுக்கும் தெரியும்.

எதிராளியின் காய் பாரத்தோடு வந்த வழியில், அவள் தன் காயை நிறுத்தி மறித்தாள். விதியில் தடையில்லை. எதிர்க்காய் நின்றது, நேரம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தது. அரங்கம் கைதட்டியது.

"செம பிளாக்குக்கா," என்றான் தோற்றவன்.

வீட்டில் அப்பா குப்புறப் படுத்திருந்தார். அம்மா அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேகலாவின் காலடி கேட்டதும் அவர் பேச ஆரம்பித்தார்.

"மூட்டையோட நிக்க வெச்சுட்டாங்க அம்முணி. எதுக்கால ஒருத்தன் வழிய மறிச்சு நிக்கறான். கேட்டா, 'நகரச் சொல்லிக் காதுல உத்தரவு வரலீங்கண்ணா'ங்கறான். பாரம் தூக்குனவனுக்கு வழி உடோணும்னு எங்க குடோன் நாய்க்குக்கூடத் தெரியும். உத்தரவு போட்டவன் பாரமே தூக்காத வீட்டுல பொறந்தவனாட்ட இருக்குது."

வென்ற கோப்பை இருந்த பையை மேகலா காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"உன்ற ஆட்டம் என்னாச்சு?"

"தோத்துட்டேன்ப்பா."

"சரி உடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அவள் முகத்தைப் பார்க்கத் திரும்ப முயன்றார். இடுப்பு விடவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.