பலகையில் வந்த லீவு

"இந்த ஆர்டர் போட்டது யாரு?" என்று எஸ்டேட்டை நடத்தும் துரை கேட்டார்.

நாகரத்தினம் வாத்தியார் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை. கொழுந்து எடுக்க ஒரு கை இல்லை.

"திருவிழாவுக்கு மறுநாள் யாருக்கும் வேலை கிடையாது. சம்பளம் உண்டு. எல்லாரும் நன்றாகத் தூங்குங்கள்." விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், முனியாண்டி கங்காணி உத்தரவுப் பலகையைப் பார்த்துக் கணீரென்று வாசித்தாராம். விடிய விடிய மாரியம்மன் கோயிலில் ஆடிவிட்டு வந்த கூட்டம், மறு பேச்சில்லாமல் லயத்து வீடுகளுக்குத் திரும்பிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டதாம்.

ஆர்டர் போட்டது ஆறாம் வகுப்பு சீதா. அவள் எழுதிய கட்டுரையின் தலைப்பு, "நான் துரையானால்".

எல்லாம் வாத்தியார் செய்த ஏற்பாடுதான். அவர் ஒருவர் மட்டும் படிப்பதற்காக எழுதச் சொன்னால், பிள்ளைகள் நாலு வரியோடு கை கழுவிவிடுவார்கள். ஊரே படித்தால் என்ன என்று தோன்றியது. பெரட்டுத் திடலில் துரையின் உத்தரவுகளை ஒட்டும் பலகையில் பாதியை இரவல் வாங்கி, வாராவாரம் கட்டுரைகளை ஒட்டினார். கீழே ஒரு வெள்ளைத்தாள், கயிற்றில் கட்டிய பென்சில். படிப்பவர்கள் கருத்து எழுதலாம்.

அவ்வளவுதான், பிள்ளைகளுக்குப் பேய் பிடித்த மாதிரி எழுத வந்துவிட்டது. சீதாவின் கட்டுரைக்கு லயத்தில் எழுதத் தெரிந்த அத்தனை பேரும் கருத்து எழுதியிருந்தார்கள். "இந்தத் துரை நம்ம எஸ்டேட்டுக்கு எப்ப வருவாரு?" என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். வகுப்பில் வாயே திறக்காத சீதா, அடுத்த கட்டுரைக்கு அன்றைக்கே தாள் கேட்டு நின்றாள்.

"நான் டைப் அடிச்சு ஒட்டினா ஒருத்தனும் திரும்பிப் பாக்குறதில்ல. பள்ளிக்கூடப் புள்ள எழுதினா எஸ்டேட்டே படுத்துடுதா?" வாத்தியார் சொன்னதைக் கேட்டுத் துரையின் முகம் சிவந்தது. வெள்ளைக்காரர் போன பிறகு வந்த நம் நாட்டுத் துரை அவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "இனிமே என் பலகையில இதெல்லாம் ஒட்டாதீங்க, வாத்தியாரே."

"தப்பு என்னோடது, துரை. என்னைக் கண்டிங்க. பலகை போச்சுன்னா புள்ளைங்க மறுபடியும் நாலு வரிக்குப் போயிடுவாங்க." வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

மூலையில் கை கட்டி நின்ற கங்காணி தொண்டையைக் கனைத்தார். "பனிமூட்டம், துரை. தலைப்பு கண்ணுக்குத் தெரியல. கீழ இருந்ததை வாசிச்சிட்டேன்."

"சம்பளத்தோட லீவுன்னு இருந்திச்சே, சந்தேகம் வரலியா?"

"எப்படி வரும், துரை? இந்த மாதிரி மனசு நம்ம துரைக்குத்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

துரை டையைச் சரிசெய்துகொண்டார். கங்காணி வைத்த ஐஸ் நன்றாகவே வேலை செய்தது.

"சரி, இன்னிக்குச் சம்பளம் போட்டுடலாம். ஆர்டர்னு நம்பிட்டாங்க, என்ன செய்றது. பலகையும் இருக்கட்டும். இனிமே தலைப்பைப் பெருசா எழுதச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பியது. கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க பேசினீங்க. கண்ணு தெரியாம வாசிச்சதுக்கு மனசுல எதுவும் வச்சிக்காதீங்க கங்காணி."

கங்காணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம ஆளுங்களுக்கு இடுப்பு வலி ஜாஸ்தி, சார். அடுத்த வாரம் 'நான் டாக்டரானால்'னு எழுதச் சொல்லுங்க."