அங்கே காத்திருப்பாள்

"சாகக் கெடக்குறவங்க வூட்டு வாசல்ல மீன் கூடையோட நிக்கிறியே, ஒனக்கு அறிவு கீதா?"

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த செல்லம்மா கேட்டாள்.

மீன்காரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். காலையில் மகாபலிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கியவள், தேவசகாயம் வாத்தியார் வீட்டு ஜன்னலோரமாகவே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா மீனு வச்சிருக்க?"

"மீனு இல்லம்மா. காலிக் கூடை."

"அப்ப வேடிக்கை பாக்க நிக்கிறியா? இது இன்னா, தேர்த் திருவிழாவா?"

மீன்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வாத்தியார் வெளியே வந்தார். "ஒன்னைப் போகச் சொன்னேனே, இன்னும் போகலையா?" என்று அதட்டிவிட்டு உள்ளே போனார்.

"நல்லாச் சொன்னீங்க சார். கவிச்சி தெருமுனை வரைக்கும் அடிக்குது" என்றபடி செல்லம்மாவும் பின்னால் போனாள்.

கட்டிலில் வாத்தியாரின் தாயார் ஞானசுந்தரம்மாள். கண் போய் நாளாயிற்று. இப்போது மூச்சும் இழுத்துக்கொண்டிருந்தது. போதகர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார்.

"தம்பி, கிருபா அங்க இருப்பாளா?"

"இருப்பாம்மா."

கிருபா அவருடைய தங்கை. மீனவர் குப்பத்துத் தனக்கோடியோடு ஓடிப்போனவள். அடுத்த வருஷமே காலராவில் போய்விட்டாள் என்று வாத்தியார்தான் வந்து சொன்னார்.

"அவங்க முறைப்படி எரிச்சிட்டாங்கன்னியே. எரிச்ச ஒடம்பு எப்படிப்பா எழுந்திரிக்கும்?"

"ஆண்டவர் சாம்பல்லேருந்தும் எழுப்புவார்மா. ஜெபம் பண்ணிட்டுத்தான் கண்ண மூடினா. ஒனக்காக அங்க காத்துக்கிட்டிருப்பா."

"அவ்ளோ கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"வாசல்லயே நிப்பாம்மா."

ஞானசுந்தரம்மாள் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. இத்தினி நாளு பயமா இருந்துச்சுப்பா. இப்ப எப்படா போவோம்னு இருக்குது."

அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்காளுங்க மாருல அடிச்சிக்கினு அழுவோம். நீங்க பெத்தவளைச் சிரிக்க வச்சு அனுப்பிட்டீங்க. ஒங்க விசுவாசம் யாருக்கு வரும் சார்?"

தேவாலயத்துக்குச் சொல்லி அனுப்ப வாத்தியார் வாசலுக்கு வந்தார்.

கூடை மண்ணில் கிடந்தது. மீன்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என் முகத்துலயே முழிக்கமாட்டேன்னு அம்மா சத்தியம் பண்ணிச்சுன்னு என்கிட்ட சொன்ன. அதுகிட்ட நான் செத்துட்டேன்னா சொல்லி வச்ச, அண்ணா?"

வாத்தியார் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. சபைக்காரங்க வர்ற நேரம்."

கிருபா மெதுவாகத்தான் சொன்னாள்.

"கண்ணு தெரியாதது. அங்க போயி, வாசல் வாசலா என்னைத் தேடிக்கினு இருக்குமே, அண்ணா."