மொட்டை மாடியில் ஏழு பேர்

“மொட்டை மாடியில ஏழு பேர் சார். ஒருத்தி கைக்குழந்தையோட இருக்கா. ஒருத்தரும் கண்ணாடி போடல. நான் எப்படிச் சுடறது?”

காவலாளி கோவிந்தப்பா துப்பாக்கி முனையைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு கேட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கநாதன், நெற்றி நாமம் சுருங்க முறைத்தார்.

“யோவ், அதுங்க குரங்குய்யா.”

“குரங்குன்னா கண்ணு இல்லையா சார்? நீங்க ஒட்டின நோட்டீஸ்லதான் போட்டிருக்கு.”

போட்டுத்தான் இருந்தது.

பெங்களூரு வைட்ஃபீல்டில் அந்த அடுக்குமாடி வீடுகள் கட்டி மூன்று வருடம். குரங்குகள் குடிவந்து மூன்று மாதம். பி பிளாக் சீதாலட்சுமியின் சமையலறையிலிருந்து சப்பாத்தி மாவோடு செல்போனையும் தூக்கிப் போனதும் சங்கம் கூடியது. விஷம் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ரங்கநாதன் மேஜையைத் தட்டினார்.

“அதெல்லாம் வேணாம். துப்பாக்கிதான் சரி. நானே வாங்கிட்டு வரேன்.”

மறுநாளே பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வந்தது. கூடவே நோட்டீஸும் வந்தது. ‘சுடும் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் கண் கவசம் அணிய வேண்டும். உள்ளே குண்டு இருப்பதாகவே எப்போதும் நினைக்க வேண்டும். யாரும் திறந்து பார்க்கக் கூடாது.’ சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் ஜெயராமன் ஆசையாகத் திறக்கப் போய், ரங்கநாதனிடம் கையில் ஓர் அடி வாங்கினார்.

ஒரே வாரத்தில் குடியிருப்பு முழுக்கக் கண்ணாடி மயம். பால்காரர் கண்ணாடியோடு வந்தார். சகஸ்ரநாமம் சொல்லும் பெண்கள் கண்ணாடியோடு உட்கார்ந்து சொன்னார்கள். சுடுவது மட்டும் நடக்கவில்லை.

“அப்போ குரங்குக்கும் கண்ணாடி வாங்கிக் குடுங்க” என்றார் சீதாலட்சுமி, அடுத்த கூட்டத்தில்.

ஜெயராமன் அதைத் தீர்மானமாகவே எழுதிக்கொண்டார். “என்ன சைஸ் மேடம்?”

“உங்க சைஸே சரியா இருக்கும்.” சீதாலட்சுமி எழுந்துவிட்டார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள சுடலைன்னா வேற வாட்ச்மேன் பாத்துக்கலாம்.”

ரங்கநாதன் மறுக்கவில்லை; தலையை ஆட்டினார்.

வேலை போனால், கேட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறையும் போய்விடும். கோவிந்தப்பாவுக்கும் அவர் மனைவி லட்சுமம்மாவுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

“நெத்தி நிறைய நாமம் போட்டுக்கினு ஆஞ்சநேயரைச் சுடச் சொல்றாரே. அவருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?” என்று கேட்டாள் லட்சுமம்மா.

ஞாயிறு காலை, ஏழு கண்ணாடிகளும் ஒரு சீப்பு வாழைப்பழமும் மாடியில் வைக்கப்பட்டன. பழம் முதலில் தீர்ந்தது. பிறகு பெரிய ஆண் குரங்கு ஒரு கண்ணாடியை எடுத்து முகர்ந்து, கடித்துப் பார்த்து, கீழே நின்ற ஜெயராமனையும் பார்த்து, அவரைப் போலவே மாட்டிக்கொண்டது. தாய்க் குரங்கு முதலில் குட்டிக்கு மாட்டிவிட்டுத்தான் தனக்கு எடுத்தது.

பதினொரு மணிக்கு ஏழும் கைப்பிடிச் சுவரில், கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருந்தன.

“இப்போ ரூல்படி எல்லாம் சரியாயிடுச்சு. சுடச் சொல்லுங்க” என்று கீழே இருந்து சத்தம் போட்டார் சீதாலட்சுமி.

கோவிந்தப்பாவும் ரங்கநாதனும் மட்டும் மாடி ஏறினார்கள். கோவிந்தப்பா தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு துப்பாக்கியை உயர்த்தினார். பெரிய குரங்கு நெஞ்சைச் சொறிந்துகொண்டு, கண்ணாடி வழியாக அவரையே பார்த்தது.

கோவிந்தப்பா துப்பாக்கியைத் தரையில் வைத்தார். இடுப்பிலிருந்த அறைச் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“பேடா சார், வேணாம். என்னால முடியாது. சனிக்கிழமை தவறாம ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போறவன் நான். வேலையை விட்டுடறேன். லட்சுமம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“என்ன ஆச்சு? சுட்டாச்சா?” கீழே கூட்டம் பொறுமை இழந்திருந்தது.

“ஒரு நிமிஷம் மேடம்” என்று ரங்கநாதன் எட்டிப் பார்த்துச் சொன்னார். குனிந்து சாவியை எடுத்துக் கோவிந்தப்பாவின் சட்டைப் பையில் போட்டார். துப்பாக்கியை எடுத்து அவர் கையிலேயே திணித்தார். பிறகு அவர் காதருகே வந்து, கீழே கேட்காதபடி சொன்னார்.

“தைரியமா ரெண்டு தடவை அழுத்துப்பா. இதுக்கு நான் குண்டே வாங்கல.”