கோழி கொஞ்சம் ஆறட்டும்

"இன்னிக்கு வகுப்பைச் சமையலறையில வச்சுக்கலாமா டீச்சர்?"

ஈரக் கையோடு கதவைத் திறந்தவர், டீச்சரிடம் பயிற்சி பெறும் பெண்ணின் கணவர். அவர் இப்படிக் கேட்டதும் டீச்சருக்கு எரிச்சலாக வந்தது.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பேச்சை இழந்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருபவள். அந்த வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வருகிறாள். கதவைத் திறந்துவிட்டு அரக்கப்பரக்க வேலைக்குக் கிளம்பிப் போகும் மனிதர் என்பதற்கு மேல் கணவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்று லீவு போட்டிருக்கிறாராம்.

மனைவியைப் பற்றித்தான் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன் மூளையில் ரத்தம் உறைந்து விழுந்து, பிழைத்து எழுந்தவள். கையும் காலும் திரும்பி வந்துவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் தொண்டை வரை வரும், வாயிலிருந்து ஒற்றைச் சொல்தான் விழும். போன வாரம் அதுவும் நின்றுவிட்டது. பூனை, குடை, கதவு என்று டீச்சர் நீட்டிய பட அட்டைகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இனி வருவதில் பயனில்லை என்று சொல்லிவிடத்தான் டீச்சர் இன்று வந்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள்.

சமையலறையில், மேஜைக்குப் பக்கத்தில் மனைவி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு முழுக்கோழி, கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட. இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழி தன் மனைவியின் இலாகா என்றும், வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள் என்றும், இன்று தானே ரோஸ்ட் செய்து அவளுக்குப் போடப்போவதாகவும் கணவர் சொன்னார். சொல்லிக்கொண்டே ஈரக் கோழியை அப்படியே தூக்கி டிரேயில் வைத்தார்.

மனைவியின் புருவம் சுருங்கியது. "ஈரம்," என்றாள்.

"ஈரம் பத்தலையா?" கணவர் கோழியைக் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

"இல்ல... இல்ல. துடை."

டீச்சர் சட்டென்று நோட்டைத் திறந்தாள்.

கணவர் துணியால் துடைத்தார். மேலே மட்டும் உப்பைத் தூவினார். "உள்ள," என்றாள் மனைவி. பூண்டையும் எலுமிச்சையையும் டிரேயின் மூலையில் உருட்டிவிட்டார். "உள்ள," என்றாள் இன்னும் சத்தமாக. காலைக் கட்டுவதற்கு நூலை எடுத்துக் கொடுத்தாள். அவர் இறக்கையைக் கட்டினார். வெண்ணெயை அப்படியே கட்டியாகக் கோழியின் முதுகில் வைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, நெஞ்சுப் பக்கத்துத் தோலை விரலால் நெம்பி, "தோலுக்கு அடியில," என்று காட்டினாள்.

இரண்டு வார்த்தை. டீச்சர் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் கூடியது. இத்தனை வயதாகியும் ஒரு கோழிக்கு உப்புப் போடத் தெரியாதா? ஓவனைச் சூடாக்காமலே டிரேயை உள்ளே தள்ளப் போனார். "சூடு, சூடு," என்று மனைவி மேஜையைத் தட்டினாள். சூடாகி உள்ளே வைத்த பிறகு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மூடு. கதவை மூடு."

போன வாரம் படத்தைக் காட்டிக் கெஞ்சியும் வராத கதவு.

அடிக்கடி திறந்தால் சூடெல்லாம் வெளியே போய்விடும் என்று டீச்சர் அவருக்கு விளக்கப் போனாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், போதும் என்பதுபோல் கையை ஆட்டினார். யார் சொன்னாலும் கேட்காத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் நோட்டுக்குத் திரும்பினாள்.

வகுப்பு நேரம் முடிந்தும் டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் வீடு முழுக்க வெண்ணெயும் பூண்டும் மணத்தது. "தொடை... குத்து," என்றாள் மனைவி. குத்தியதும் சாறு தெளிவாக வந்தது. கணவர் டிரேயை வெளியே எடுத்தார். பொன்னிறத் தோல் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. இந்த மனிதர் இவ்வளவு சொதப்பியும் கோழி தப்பிப் பிழைத்ததென்றால் அந்த அம்மாள் வாயிலிருந்து விழுந்த சொற்களால்தான் என்று டீச்சருக்குத் தோன்றியது.

ஆவி அடங்குவதற்குள் கணவர் பெரிய கத்தியை எடுத்தார்.

"பொறு," என்றாள் மனைவி.

"எதுக்குப் பொறுக்கணும்?"

"ஆறட்டும். சாறு... சாறு ஓடிடும்."

"ஓடினா ஓடட்டும். பசிக்குது." கத்தி தோலில் இறங்கியது.

மனைவியின் முகம் சிவந்தது. உதடுகள் இரண்டு தரம் திறந்து மூடின. மேஜையில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

"என்ன மனுஷன் நீங்க? இருபது வருஷமா அவ்வளவு பெரிய ஓட்டல்ல தலைமை மாஸ்டரா இருக்கீங்க, தினம் முப்பது கோழி ரோஸ்ட் பண்றீங்க... எடுத்த உடனே வெட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சரின் பேனா தரையில் உருண்டது.

"தெரியும்," என்றார் கணவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை திட்டு."